நான்கு பிரேக் ஷூக்களும் சிவப்புப் புள்ளியும்

பழைய அரிசிச் சாக்கை விரித்து, அதன்மேல் நான்கு பிரேக் ஷூக்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் உட்புறத்திலும் என் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தேன். பிறை போல வளைந்த இரும்புத் துண்டுகள் அவை. வெளிவளைவில் ஒட்டியிருந்த லைனிங் தேய்ந்து தேய்ந்து காய்ந்த ரொட்டித் தோல் மாதிரி ஆகியிருந்தது. பினாங்குத் தீவில், டத்தோ கெராமாட் சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் தேங்காய்க் கொட்டகை. காலை பத்து மணி வெயிலில் தகரக் கூரை டக் டக்கென்று விரியத் தொடங்கியிருந்தது. புள்ளிகள் காயும்வரை ஊதிக்கொண்டே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் அண்ணன் வந்துவிடக் கூடாது. அவரைப் பிடிப்பதற்காகத்தானே அந்தப் புள்ளிகள்.

அப்பா போன பிறகு கொட்டகையை அம்மாதான் நடத்தினார். கோயில் வாசல் கடைகளுக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்கும் தேங்காய் போடுவது எங்கள் தொழில். அதற்கு ஒரு சின்ன லாரி, ஜப்பான் வண்டி, என்னைவிட ஒரு வயது மூத்தது. அதை ஆறு வருடமாக ஓட்டியவரைத்தான் நான் டிரைவர் அண்ணன் என்கிறேன். நாற்பதைத் தாண்டிய ஒல்லியான மனிதர். அக்கரையில் இருக்கும் சிம்பாங் அம்பாட்டிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து தீவுக்கு வருவார். அம்மாவை அக்கா என்பார், என்னைத் தங்கச்சி என்பார். அதிகம் பேச மாட்டார். அந்த வயதில், அதிகம் பேசாத யாரைப் பார்த்தாலும் எனக்கு இவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் தோன்றும்.

நான் அப்போது பாலிடெக்னிக்கில் இயந்திரப் பொறியியல் டிப்ளமா முடித்துவிட்டு, ஆலைகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்கு வராது. கொட்டகையின் பழைய மின்விசிறியைப் பிரித்து மாட்டினேன், தராசைப் பிரித்து மாட்டினேன், அடுத்து எதைப் பிரிக்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த வாரத்தில்தான் அண்ணன் அம்மாவிடம் வந்து, பிரேக் மிதி கீழே வரை போகிறது, பாலிக் புலாவ் மலை வளைவுகளில் கியரையும் ஹேண்ட் பிரேக்கையும் நம்பித்தான் இறங்கினேன் என்று சொன்னார். தைப்பூசத்துக்கு மூன்று வாரம்கூட இல்லை. பினாங்கில் தைப்பூசம் என்றால் ரதத்துக்கு முன்னால் மலை மலையாகத் தேங்காய் உடையும். வருடத்தில் பாதி வியாபாரம் எங்களுக்கு அந்த ஒரு வாரம்தான். பாலிக் புலாவ் தோப்புகளில் அத்தனை பாரத்தையும் ஏற்றிக்கொண்டு அந்த மலையிலிருந்து இறங்க வேண்டிய லாரி அது. பின் சக்கரம் இரண்டுக்கும் புது ஷூ செட் மாற்றிவிடலாம், புக்கிட் மெர்தாஜாமில் தெரிந்த கடை இருக்கிறது என்றார்.

'தெரிந்த கடை' என்ற சொல் எனக்குள் விழுந்து ஒட்டிக்கொண்டது. கூடப் படித்த ஒருவன் சொல்லியிருந்தான், சாமான் வாங்க வரும் டிரைவர்களுக்குக் கடைக்காரர்கள் தனியாகக் கோப்பி காசு கொடுப்பார்கள், அதற்காகவே நல்ல சாமானையும் கெட்டுவிட்டது என்று மாற்றும் டிரைவர்கள் இருக்கிறார்கள் என்று. அன்றிலிருந்து நான் பார்த்ததெல்லாம் சாட்சியாக மாறியது. டீசல் ரசீது ஏன் இவ்வளவு கசங்கியிருக்கிறது? லாரியைப் பின்னோக்கி நிறுத்தும்போது ஏன் சீட்டி அடிக்கிறார்? ஓடிய கிலோமீட்டரைக் காலையிலும் மாலையிலும் கைப்பேசியில் படம் எடுத்து, வரைபடத்தில் அளந்து பார்த்தேன். ஒரு நாள் நான்கு கிலோமீட்டர் கூடுதலாக வந்தது. இரண்டு நாள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அம்மாவே சொன்னார், அன்று தன் மருந்தை வாங்க அவரை அனுப்பியிருந்தாராம். அப்போதும் நான் ஓயவில்லை. அந்த நான்கு போனால் வேறு நான்கு இருக்காதா?

ஆகவே நானே செய்கிறேன் என்று அறிவித்தேன். புது செட் வேண்டாம், பழைய இரும்பையே வைத்துக்கொண்டு லைனிங்கை மட்டும் புதிதாக ஒட்டிக்கொள்ளலாம், கசியும் பிரேக் சிலிண்டருக்கு உள்ளே இருக்கும் ரப்பரை மட்டும் மாற்றலாம், செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும் என்று அம்மாவுக்குக் காகிதத்தில் வரைந்து காட்டினேன். அண்ணன் மறுக்கவில்லை. லைனிங் ஒட்டும் இடமும் புக்கிட் மெர்தாஜாமில்தான் இருக்கிறது, வீட்டுக்குப் போகிற வழி, நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. போகும்போது ஒன்று மட்டும் சொன்னார்.

"ஒரு பக்கம் முழுசா முடிச்சிட்டு மறு பக்கம் பிரிங்க, தங்கச்சி. ரெண்டையும் ஒண்ணாத் தொறக்காதீங்க."

ஏன் என்று நான் கேட்டிருக்கலாம். கேட்காமல், இதில் இவருக்கு என்ன லாபம் என்று யோசித்தேன். ஒரு பக்கம் முடித்து மறுபக்கம் என்றால் இரண்டு தடவை கடைக்குப் போக வேண்டும், இரண்டு தடவை கோப்பி காசு. கணக்கு எனக்குச் சரியாகப் பொருந்தியது. மறுநாள் அவர் வருவதற்கு முன்பே எழுந்து, இரண்டு பின் சக்கரங்களையும் கழற்றி, இரண்டு பக்கத்தையும் ஒரே மூச்சில் பிரித்துப் போட்டேன்.

வேலை எனக்குப் பிடித்திருந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஷூக்களை மூடியிருந்த துரு பிடித்த டிரம் அசையவே இல்லை. அதில் இருந்த இரண்டு மரைத் துளைகளில் போல்ட்டை மாறி மாறிக் கால் சுற்றாகத் திருகத் திருக, உள்ளே ஏதோ முனகி, கடைசியில் கனத்த சட்டி போல டிரம் என் மடிக்கு வந்தது. கறுப்புத் தூசியை ஊதாமல் ஈரத் துணியால் துடைத்தேன். ஸ்பிரிங்குகளையும் அட்ஜஸ்டர்களையும் ஒரு காலி மைலோ டின்னில் போட்டேன். எல்லாவற்றையும் ஒரே டின்னில். பிறகு சாக்கை விரித்து, ஷூக்களை அடுக்கி, புள்ளி வைத்தேன். அண்ணன் வந்து இரண்டு பக்கமும் திறந்து கிடப்பதைப் பார்த்தார். ஷூக்களைச் சாக்கோடு சுருட்டி மோட்டாரில் கட்டிக்கொண்டு போனார்.

இரண்டாம் நாள் அவர் திரும்பக் கொண்டுவந்த ஷூக்கள் பளபளவென்று கறுப்பாக இருந்தன. புது லைனிங் தடிமனாக, ஓரம் நேராக ஒட்டப்பட்டிருந்தது. ஒவ்வொன்றாகத் திருப்பினேன். சிவப்புப் புள்ளி இல்லை. நான்கிலும் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன், நகத்தால் சுரண்டினேன். உடம்பெல்லாம் சில்லென்று ஆனது. அது கோபம் என்று அன்று நினைத்தேன். இன்று யோசித்தால், அதில் பாதிக்குமேல் மகிழ்ச்சிதான். நான் நினைத்தது சரி என்ற மகிழ்ச்சி. எங்கள் இரும்பை யாருக்கோ விற்றுவிட்டு ஏதோ குப்பையைக் கொண்டுவந்திருக்கிறார் என்று அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். அம்மா தேங்காய்க் குவியலைப் பார்த்தார். நீ படித்தவள், உனக்குத் தெரியும் என்றார். அதைக் கேட்டபோதாவது நான் நின்றிருக்க வேண்டும்.

சாயங்காலம் அம்மா அவரைக் கூப்பிட்டு, கொஞ்ச நாளைக்கு வர வேண்டாம் தம்பி என்று மெதுவாகச் சொன்னார். என்ன விஷயம் அக்கா என்று அவர் கேட்டதற்கு அம்மா என்னைப் பார்த்தார்.

"ஷூவ மாத்திட்டீங்க," என்றேன்.

"எந்த ஷூவ?"

"நம்ம ஷூவ. இது நம்மளது இல்ல."

அவர் குனிந்து ஒன்றை எடுத்து, கையில் திருப்பிப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். "நம்மளதுதான் தங்கச்சி," என்றார். அவ்வளவுதான். சாவியைத் தராசுத் தட்டில் வைத்துவிட்டு மோட்டாரை எடுத்தார். நான் புள்ளியைப் பற்றி அவரிடம் சொல்லவே இல்லை. பொறி வைத்தவள் பொறியைக் காட்டுவாளா?

மறுநாள் கையும் களவுமாகப் பிடிக்க புக்கிட் மெர்தாஜாம் போனேன். அந்தக் கடையின் பின்கட்டில் ஓர் இரும்பு அடுப்பு இருந்தது, அலமாரி உயரத்துக்கு. ஊர்ப்பட்ட லாரிகளின் ஷூக்கள் அதற்குள் அடுக்கப்பட்டு வெந்துகொண்டிருந்தன. பழைய பசை எரிந்தால்தான் லைனிங் கழலும் என்றார் கடைக்காரப் பெண்மணி. சீனப் பெண், எங்கள் ஆட்களோடு பழகிப் பழகி நன்றாகத் தமிழ் பேசினார். வெந்த பிறகு மணல் அடித்து இரும்பை வெள்ளையாக்கி, லைனிங் ஒட்டி, மறுபடி வேகவைத்து, கறுப்புச் சாயம் அடிப்பார்களாம். பெயிண்ட்டில் குறி போட்டிருந்தால் என்று இழுத்தேன். சின்னப் பெண்ணே என்பதுபோல அமோய் என்று கூப்பிட்டுச் சிரித்தார்.

"பெயிண்ட் எங்க நிக்கும், அமோய்? எல்லாம் எரிஞ்சிடும் லா. அதான் வாங்கினதும் நாங்க நம்பர் அடிக்கிறோம்."

நான் பையில் கொண்டுபோயிருந்த ஷூவை வாங்கி, சாயத்தைத் துணியால் அழுத்தித் தேய்த்து, இரும்பில் உளியால் குத்திய மூன்று இலக்கங்களைக் காட்டினார். அண்ணன் என்னிடம் கொடுத்திருந்த ரசீதிலும் அதே மூன்று இலக்கங்கள்.

அங்கிருந்து நேரே அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை வேறாக இருந்திருக்கும். நான் செய்தது வேறு. டிரைவர்களுக்குக் கோப்பி காசு கொடுப்பீர்களா என்று கேட்டேன். ஆமாம், எல்லாருக்கும் கொடுப்போம், அவருக்கும் கொடுத்தோம் என்றார் அந்தப் பெண்மணி, கூச்சமே இல்லாமல். பேருந்தில் திரும்பும் வழியெல்லாம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். ஷூவில் தவறினாலும் காசில் நான் தவறவில்லை. திருடன் என்று சொன்னதில் பாதியாவது நிற்கிறது. அம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் அந்த ஷூக்களையே மாட்டினேன், ரப்பரை மாற்றினேன், பிரேக் எண்ணெயில் இருந்த காற்றை வெளியேற்றினேன். மிதி உயரமாக, கெட்டியாக நின்றது. நானே ஓட்டினேன். ஊருக்குள் கடை கடையாகத் தேங்காய் இறக்கினேன். பசார் பக்கத்தில் ஓர் அங்கிள் கட்டை விரலை உயர்த்திக் காட்டியது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் நாள் மிதி கொஞ்சம் இறங்கியிருந்தது. நான்காம் நாள் இன்னும் கொஞ்சம். கசிவு இல்லை, எண்ணெய் குறையவில்லை. என் புத்தி எங்கே போனது தெரியுமா? கொட்டகைக் கதவுக்கு. பூட்டை யாரோ திறந்திருக்கிறார்கள், இன்னொரு சாவி அவரிடம் இருக்கிறது, பழி வாங்குகிறார். கதவிடுக்கில் ஒரு முடியை ஒட்டிவைத்துச் சோதித்தேன். காலையில் முடி வைத்த இடத்திலேயே இருந்தது. மிதி மட்டும் இன்னும் ஒரு விரல் கீழே போயிருந்தது. மறுநாள் பாலிக் புலாவில் முதல் தைப்பூச பாரம் ஏற்ற வேண்டும்.

அன்று மதியம் லாரியை எடுத்துக்கொண்டு பாலத்தில் ஊர்ந்து சிம்பாங் அம்பாட் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் நன்றாக இருக்கும். அவர் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நினைத்துத்தான் போனேன். கைலியோடு வெளியே வந்தார். முகத்தில் எனக்கு எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் வாய் தானாகத் திறந்தது. புள்ளி, அடுப்பு, இலக்கம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவிதான் முதலில் பேசினார்.

"ஓ, இவரு திருடன்னு கண்டுபிடிச்ச பிள்ளையா இது? உக்காரச் சொல்லுங்க, கோப்பி கலக்கறேன்."

அண்ணன் லாரியில் ஏறி மிதியை இரண்டு தடவை அழுத்திப் பார்த்தார். இறங்கி, இடப்பக்கப் பின் சக்கரத்துக்கு ஜாக்கி வைத்தார். டிரம் வெளியே வந்ததும் ஷூக்களுக்கு நடுவில் இருந்த அட்ஜஸ்டரை விரலால் துடைத்துக் காட்டினார். பல் வைத்த சின்னத் திருகு அது. லைனிங் தேயத் தேய, ஹேண்ட் பிரேக்கை இழுக்கும்போது தானாகச் சுழன்று நீண்டு, ஷூக்களை டிரம்முக்குப் பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். அதன் தலையில் மிகச் சிறிய ஆங்கில எழுத்து ஒன்று குத்தியிருந்தது. வலது என்பதற்கான எழுத்து. இடப்பக்கத்தில் இருந்தது வலப்பக்கத்துச் சாமான். இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர். மாற்றிப் போட்டால் ஒவ்வொரு முறை சுழலும்போதும் அது நீளாமல் சுருங்கும். ஹேண்ட் பிரேக்கை இழுக்க இழுக்க நான்தான் என் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றிக்கொண்டிருந்தேன். மைலோ டின் கண் முன்னால் வந்தது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறு பக்கத்தைத் திறந்திருந்தால், இரண்டு பக்கத்துச் சாமானும் கலந்திருக்காது.

"என்னை நம்பல, அது போகட்டும் தங்கச்சி," என்றார். "இந்த வண்டிய நம்பிப் பாலத்துல வந்தீங்களே, அதைத்தான் என்னால விட முடியல."

ஒரு பக்கத்தை அவர் மாற்றினார், மறு பக்கத்தை நான். ஸ்பானரை நீட்டும்போது, எனக்கே வெட்கமாக இருந்தும், கோப்பி காசைப் பற்றிக் கேட்டேன். அவர் நிமிரக்கூட இல்லை. "வாங்கினேன். மோட்டாருக்கு எண்ணெய் போட. உங்கம்மாதான் அதை நீயே வச்சிக்கன்னு சொன்னாங்க, ஆறு வருஷத்துக்கு முன்ன." அம்மாவுக்குத் தெரியும். ஆறு வருடமாகத் தெரியும். நான் கேட்டிருந்தால் ஒரு வரியில் சொல்லியிருப்பார். தன் மகளின் டிப்ளமாவை நம்பி, தனக்குத் தெரிந்ததை அம்மா வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அவர் வேலைக்குத் திரும்பி வரவில்லை. அம்மா தொலைபேசியில் இரண்டு முறை கூப்பிட்டார். வேறு இடத்தில் பேசிவிட்டேன் அக்கா என்று மரியாதையாகச் சொன்னாராம். தைப்பூச பாரத்தை நான்தான் இறக்கினேன், இரண்டாம் கியரில், ஒவ்வொரு வளைவிலும் மிதியைத் தொட்டுத் தொட்டு. அது உயரத்திலேயே நின்றது. ஆலை வேலைக்கு நான் போகவில்லை. இப்போது கொட்டகையை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு லாரி, இரண்டு டிரைவர். கோப்பி காசு உங்களுக்குத்தான் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். சந்தேகம் போய்விட்டதா என்றால், இல்லை. இன்றும் ரசீது கசங்கியிருந்தால் கண் அங்கே போகும். இப்போது ஒன்று மட்டும் செய்கிறேன். வாயைத் திறந்து கேட்டுவிடுகிறேன்.

அந்தத் தைப்பூசம் முடிந்த பத்தாம் நாளோ என்னவோ, அவர் ஒரே ஒரு முறை கொட்டகைக்கு வந்தார். துறைமுகத்தில் கொள்கலன் இழுக்கும் கம்பெனியில் வேலை, பழைய முதலாளியிடமிருந்து கடிதம் கேட்கிறார்கள் என்றார். நான் உடனே உட்கார்ந்து மலாய் மொழியில் தட்டச்சு செய்தேன். ஆறு வருடம், ஒரு விபத்து இல்லை, நம்பிக்கைக்குரியவர், சொந்த விருப்பத்தின் பேரில் விலகினார். அவருக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். அவர் நின்றபடியே படித்து, கடைசி வரியில் விரலை வைத்தார்.

"நானா போகல தங்கச்சி. நீங்க நிறுத்தினீங்க. தப்பா நினைச்சு நிறுத்திட்டோம்னு போடுங்க."

அப்படிப் போட்டால் புதுக் கம்பெனி என்ன நினைக்கும் என்று கேட்டேன். அதை நான் பார்த்துக்கொள்கிறேன், இந்த ஊரில் லாரி ஓட்டுகிறவன் எல்லாருக்கும் நான் ஏன் நின்றேன் என்று தெரியும், கடிதத்தில் வேறு மாதிரி இருந்தால் அதுதான் சந்தேகம் என்றார். அம்மா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். அழித்து மறுபடி அடித்தேன். தவறு என்பதற்கு மலாயில் எனக்கு மூன்று சொற்கள் தெரியும். லேசான ஒன்றைத் தேடிக்கொண்டிருந்த விரலை இழுத்து, நேரான சொல்லைப் போட்டேன். யாருடைய தவறு என்றும் போட்டேன். அம்மா கையெழுத்திட்டார்.

அவர் வாங்கி, முதலிலிருந்து ஒரு முறை படித்தார். பிறகு தாளை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் இன்னொரு முறை, சொல் சொல்லாகப் படித்தார். மடிக்கப்போகிறார் என்று நினைத்தபோது தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"கம்பெனி சாப்பும் குத்திடுங்க," என்றார்.

முத்திரையை எடுத்துக் குத்தினேன். மை காயும்வரை அவர் தாளை மடிக்கவில்லை.